எந்த விளையாட்டு நம் பிள்ளைக்கு?

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு நின்றுகொண்டிருந்தேன். புனேவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர் இளம் தம்பதியர் அருகில் வந்தார்கள். கணவருக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஏழு வயதில் ஒரு பையன்.

"சார், உங்க பையன் ஸ்போர்ட்ஸ்ல நல்லா வந்தான்னு சொன்னாங்க. இவனை எதுல சேர்க்கலாம்? கிரிக்கெட்டா, பேட்மின்டனா, செஸ்ஸா? எங்க பில்டிங்ல எல்லாரும் பிள்ளைங்களை ஏதாவது ஒண்ணுல சேர்த்துட்டாங்க. இவன் மட்டும்தான் சும்மா இருக்கான்."

சும்மா இருப்பதாகச் சொல்லப்பட்ட அந்தப் பையன், அந்நேரம் மண்டபத்துத் தூண்களைச் சுற்றி நான்கு பெண் குழந்தைகளைத் துரத்திக்கொண்டிருந்தான். பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியில் இருந்த நாற்காலிகளையெல்லாம் லாகவமாகத் தாண்டி ஓடினான்.

அவருக்கு அங்கே ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் சரியான பதிலுக்குள் என்னுடைய ஏறக்குறைய இரண்டு வருடத் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது. நம் குடும்பங்களில் இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர் என்பதும் எனக்குத் தெரியும்.

என் ஆசை, அவன் தோளில்

நான் கும்பகோணத்துக்காரன். கோடையில் காவிரி வற்றியதும் மணலில் ஸ்டம்பு நட்டு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். பள்ளி அணிக்கு ஆள் எடுத்தபோது, "பந்து சோறு போடுமா?" என்று ஒரே கேள்வியில் என் அப்பா விஷயத்தை முடித்துவிட்டார். அன்றைக்கே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன், நமக்கு ஒரு பையன் பிறந்தால் அவனை நாம் இப்படித் தடுக்கக் கூடாது என்று. தடுக்காமல் இருப்பது வேறு, பிடித்துத் தள்ளுவது வேறு என்பது அப்போது உறைக்கவில்லை.

2013 கோடை விடுமுறை. பெரியவனுக்கு ஒன்பது வயது. அவனை ஒரு கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்த்தேன். வெள்ளை உடை, பேடு, கையுறை, அவன் உயரத்துக்கு ஒரு கிட் பேக், இரண்டாயிரம் ரூபாயில் ஒரு பேட். பேட்டை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று இரவு, அதற்கு எண்ணெய் தடவி, ராத்திரி பதினோரு மணி வரை பழைய பந்தால் தட்டிப் பதப்படுத்தியது நான்தான். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

முகாமில் அறுபது பிள்ளைகள், இரண்டே நெட். ஒரு பிள்ளைக்கு ஒரு காலையில் ஆறு பந்து கிடைத்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் எல்லைக்கோட்டருகே போய் நின்று, வராத பந்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதையும் நான் குறையாக நினைக்கவில்லை. பொறுமை வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடை முடிந்தபின் சனி, ஞாயிறு வகுப்பாகத் தொடர்ந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அவனுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சில சனிக்கிழமைகளில் ஷூவில் ஒன்று மட்டும் காணாமல் போகும். "சோம்பேறித்தனம்" என்றேன் நான். "குழந்தைக்கு உண்மையிலேயே வலிக்குதோ என்னமோ" என்றாள் என் மனைவி. டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்.

2014 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. புனேயின் டிசம்பர்க் காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். அவனை இறக்கிவிட்டுப் பாதி வழி வந்தபிறகுதான் தண்ணீர் பாட்டில் ஸ்கூட்டரிலேயே இருப்பதைப் பார்த்தேன். திரும்பிப் போனேன். நெட்டில் அவன் இல்லை. எல்லைக்கோட்டிலும் இல்லை. கேட்டால் கோச்சுக்கும் தெரியவில்லை. அறுபது பேரில் ஒருவன்; அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மைதானத்துக்குப் பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மைதானத்தைப் பராமரிப்பவரின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். என் மகன் காற்றாக ஓடிக்கொண்டிருந்தான். ஒருவனைத் துரத்தி வந்து, சட்டென்று நின்று, உட்கார்ந்திருந்த பெண்ணின் முதுகில் தட்டி "கோ!" என்று கத்தினான். கோ-கோ விளையாட்டு. அதற்கு இரு முனையிலும் கம்பம் வேண்டுமே! ஒரு முனையில் அவனுடைய கிட் பேக் நிமிர்ந்து நின்றது. மறுமுனையில், மண்ணில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது நான் எண்ணெய் தடவிய பேட்.

நான் கூப்பிடவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு மேலாக நெட்டில் பார்த்த பையனாகவே அவன் இல்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். "எத்தனை நாளாடா இப்படி?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"ஏன்டா சொல்லல? அடிச்சுடுவேன்னு பயமா?"

தலையை ஆட்டினான். "நீங்க பேட் வாங்கிட்டு வந்தப்ப ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கப்பா."

பத்து வயதுப் பிள்ளை அப்பாவின் மனத்தைக் காப்பாற்ற வயிற்றுவலியைக் கண்டுபிடித்திருக்கிறான். அடுக்களையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "அவனுக்கு விளையாட்டுப் பிடிக்கலைன்னு யாரு சொன்னா? உங்க விளையாட்டுதான் பிடிக்கல" என்றாள்.

ஒரு வருடம் ருசி பார்த்தோம்

அடுத்த நாளே அவனைக் கோ-கோவில் சேர்த்துவிட்டோம் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படிச் செய்யவில்லை. ஒரு தவறைத் திருத்துகிற அவசரத்தில் இன்னொன்றைச் செய்ய வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். ஒரு வருடம் எதிலும் நிரந்தரமாகச் சேர்க்காமல், பலவற்றை ருசி பார்க்க விடுவது என்று முடிவு செய்தோம். பழைய டைரி ஒன்றில் அவள் மூன்று கேள்விகளை எழுதினாள். கூப்பிடாமல் அவனே கிளம்புகிறானா? வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றிப் பேசுகிறானா? தோற்ற மறுநாளும் போக வேண்டும் என்கிறானா?

நீச்சல் குளத்துக்கு ஒரு மாதம் போனான். தண்ணீர் பிடித்தது, ஆனால் வந்தபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்மின்டன் இரண்டு மாதம். நன்றாகவே ஆடினான், தோற்ற மறுநாள் போகவில்லை. சதுரங்கப் பலகை முன் பத்து நிமிடம்தான் உட்கார்ந்தான். அருகில் இருந்த சின்னவள், அப்போது ஐந்து வயது, அரைமணி நேரம் அசையாமல் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அம்மா டைரியில் குறித்து வைத்தாள். தாள்ஜாய் குன்றில் என்னோடு காலையில் ஓட வந்தான். "தனியா ஓடறது போர்ப்பா" என்றான்.

வருட முடிவில் டைரியைப் புரட்டினால் ஒரு படம் கிடைத்தது. அவனுக்கு ஓட வேண்டும், ஆனால் யாரையாவது துரத்தி ஓட வேண்டும். கூட்டம் வேண்டும். தன் முறைக்காகக் காத்திருப்பது அறவே ஆகாது. கிரிக்கெட்டில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதானே! அதில் அவன் ஒட்டாமல் போனதில் ஆச்சரியம் என்ன?

நாங்கள் ஏதோ தோன்றியதைச் செய்தோம். இதே முறையைத் திட்டமாகவே செய்கிற இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதை 2024-ல்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாளே வெண்கலம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நம் பாலேவாடியில் பயிற்சி செய்தவர். 1952-ல் ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் காஷாபா ஜாதவ் வென்றதற்குப் பிறகு, 72 ஆண்டு கழித்து மகாராஷ்டிரத்துக்குக் கிடைத்த தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. குசாளேயை அவர் தந்தை 2009-ல் மாநில அரசின் 'கிரீடா பிரபோதினி' திட்டத்தில் சேர்த்தார். அங்கே முதல் ஒரு வருடம் உடற்பயிற்சிதான். அதற்குப் பிறகுதான் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் துப்பாக்கியை எடுத்தார். முதலில் உடம்பு, பிறகு விளையாட்டு. நாம்தான் ஐந்து வயதிலேயே அட்மிஷன் ஃபார்மை நிரப்பிவிட்டு, பிறகு பிள்ளையின் உடம்பை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

வீட்டு வாசலில் இருந்த விளையாட்டு

கோ-கோ மைதானம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பல வருடமாக அதன் வழியாகத்தான் காய்கறி வாங்கப் போய் வந்திருக்கிறோம். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அது "அவர்கள்" விளையாட்டு என்று ஒரு நினைப்பு. பிழைக்க வந்த ஊரில் அரிசி எந்தக் கடையில் நன்றாகக் கிடைக்கும் என்று முதல் மாதமே விசாரித்துவிடுகிறோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலத்தில் என்ன ஆடுகிறார்கள் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

இத்தனைக்கும் இன்றைய கோ-கோ பிறந்தது இந்த ஊரில்தான். கிராமங்களில் பலவிதமாக ஆடப்பட்ட விளையாட்டுக்கு 1914-ல் முறையாக விதிகளை வகுத்தது புனேயின் டெக்கான் ஜிம்கானா. எட்டுப் பேர் நடுக்கோட்டில் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார வேண்டும், ஒன்பதாமவர் துரத்துவார். துரத்துகிறவர் நடுக்கோட்டைக் குறுக்கே தாண்டக் கூடாது, புறப்பட்ட திசையை நடுவில் மாற்றவும் கூடாது. ஓடுகிறவருக்கோ எந்தத் தடையும் இல்லை. ஆகவே தான் பிடிக்க முடியாததை, சரியான இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் தட்டி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். கால் வேகத்தோடு மூளை வேகமும் வேண்டிய விளையாட்டு. உபகரணம் என்று பார்த்தால் இரண்டு கம்பங்கள்தான்.

சேர்க்கப் போன அன்று எனக்கு ஒரே கவலை. அவன் ஆங்கில மீடியம், வீட்டில் தமிழ். மராட்டி பள்ளிப் பாடத்தோடு சரி. பயிற்சியாளர் வயதானவர், வேறு மொழி பேசாதவர். "இவனுக்கு மராட்டி சரியாக வராது" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கோ தேதா யேதோ நா? மக் பஸ்!" என்றார். கோ கொடுக்கத் தெரியுமா, அப்படியானால் அது போதும் என்று அர்த்தம்.

ஆறே மாதத்தில் அவன் பேசிய மராட்டியைக் கேட்டுக் காய்கறிக்காரப் பாட்டி, "இவன் எங்கள் பிள்ளை" என்று சொல்லிக் கொத்தமல்லியை இனாமாகக் கொடுத்தாள். கணபதி உற்சவத்துக்குத் தெருப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அவனைக் கூப்பிட்டுப் போனார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்குக் கிடைக்காத உரிமை அது. ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் கிடைக்கப்போகும் பரிசுக் கோப்பையை எண்ணுகிறோம். யாரோடு ஆடப்போகிறான், எந்த மொழியில் சண்டை போட்டு எந்த மொழியில் சமாதானம் ஆகப்போகிறான் என்பதையும் எண்ண வேண்டும். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக எல்லோரும் பிள்ளைகளைக் கோ-கோவில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. பேட்மின்டன் பிடித்த பிள்ளை பேட்மின்டன் ஆடட்டும். அதற்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1870-களில் இங்கிருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள் ஆடிய ஆட்டத்துக்குப் 'பூனா' என்றே ஒரு பெயர் இருந்தது. கம்பளிப் பந்தில் ஆடும் அதன் தம்பி, நம் ஊர்ப் பூப்பந்து, மராட்டிய அரச குடும்பம் இருந்த தஞ்சாவூரில் வளர்ந்தது. நாமும் அவர்களும் விளையாட்டிலும் சம்பந்திகள்தான்!

முளையில் தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். தெரியும்தான், ஆனால் எந்தப் பயிர் என்று சொல்வது கஷ்டம். 1987-ல் பம்பாயிலிருந்து ஒரு பையன் வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்று சென்னை எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்துக்கு வந்தான். அங்கே ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி பார்த்துவிட்டு, பேட்டிங்கில் கவனம் செலுத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். நம் அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். பிறகுதான் ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தார். ஒரே விளையாட்டுக்குள்ளேயே தன் இடம் எது என்று கண்டுபிடிக்க இவர்களுக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சென்னையில் ஒரு கோவில் அர்ச்சகரின் மகள் பவானி தேவி. பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மற்றவற்றில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது. மிஞ்சியிருந்தது வாள்வீச்சு ஒன்றுதான். மூங்கில் குச்சியை வைத்துப் பயிற்சியைத் தொடங்கிய அந்தப் பெண், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். சேலம் மாவட்டத்து மாரியப்பனோ ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டப் பழக்கியது ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

இந்தக் கதைகளில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. குழந்தைக்குப் பல கதவுகள் திறந்திருந்தன, அல்லது உற்றுப் பார்க்கிற ஒரு பெரியவர் அருகில் இருந்தார். அந்தப் பெரியவர் எப்போதும் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே பிள்ளையின் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிடம் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பேசுங்கள். கணக்கு வாத்தியாரைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம். இவர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

பட்டறிவில் சில குறிப்புகள்

வயது: பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை ஒன்றிலேயே முடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் ஆலோசனை சொன்னது. வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், பயிற்சிக்கு ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றுக்குச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கும், அவை விதிவிலக்கு. எந்த விளையாட்டுமே வேண்டாம் என்கிற பிள்ளையும் ஓடியாட வேண்டும். 5 முதல் 17 வயது வரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வலி: பதின்மூன்று வயதில் என் மகனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு முடிச்சுப் போல வீங்கி வலித்தது. வளர்கிற வயதில் எலும்பைத் தசைநார் இழுப்பதால் ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவது என்றார் டாக்டர். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார். இரண்டு மாதம் அவன் ஓடவில்லை. ஆனால் பயிற்சியாளர் அவனை வீட்டில் உட்கார விடாமல் ஸ்கோர் எழுத வைத்தார். நல்ல பயிற்சியாளரை எனக்கு அடையாளம் காட்டியது அந்த இரண்டு மாதம்தான். "வலியெல்லாம் சகஜம், ஓடு" என்று சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சேர்க்கும் முன்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பந்தோ மட்டையோ கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது, கடைசியில் நிற்கும் பிள்ளையிடம் யாராவது பேசுகிறார்களா, பெண் குழந்தைகளுக்கு உடை மாற்ற இடம் உண்டா, ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை பயிற்சி எங்கே நடக்கும். இந்த ஐந்தையும் கேட்டுவிட்டுப் பிறகு ஃபீஸைக் கேளுங்கள். உபகரணத்தை முதல் ஆறு மாதம் இரவல் வாங்குங்கள். என் வீட்டுப் பரணில் ஒரு கிட் பேக் இருக்கிறது, வேண்டுபவர்கள் சொல்லியனுப்பலாம்.

சான்றிதழ்: இது நமக்கென்றே உள்ள தலைவலி. போட்டிக்குப் பெயர் கொடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். நம் பிள்ளைகள் பலர் பிறந்தது தாய்வீட்டுப் பிரசவத்தில். சான்றிதழும் அந்த ஊரில். என் மகனுடையதில் பெயரே ஏறவில்லை. அதைச் சரிசெய்யக் கும்பகோணத்துக்கு இரண்டு நடை போனேன். அடுத்தது இனிஷியல். இங்கே ஃபார்மில் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? ஏதோ எழுதி வைத்தோம். முதல் போட்டியில் ஒலிபெருக்கியில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை, பார்வையாளர் வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றேன்! பள்ளி, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

படிப்பு: ஊரிலிருந்து தாத்தா போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். விளையாட்டால் மார்க் குறையாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சில மாதங்களில் குறைந்தது. சாயங்காலம் ஓடிவிட்டு வந்த பிள்ளை எட்டு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கவனமாகப் படித்தான் என்பது மட்டும் நான் கண்டது.

பிறகு என்ன ஆயிற்று?

சாம்பியன் ஆனானா என்று கேட்பீர்கள். இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளி அணியோடு மாவட்டப் போட்டி வரை போனான். அங்கே தோற்றார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவனே அலாரம் வைத்து எழுந்து போனான். டைரியின் மூன்றாவது கேள்விக்கு என் மனைவி அன்றுதான் டிக் அடித்தாள்.

2025 ஜனவரியில் டில்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு இறுதி ஆட்டங்களிலும் நேபாளத்தை வென்று இந்தியா கோப்பையை எடுத்தது. ஆண்கள் அணிக்குத் தலைவர் புனேயின் பிரதீக் வாய்க்கர். பெண்கள் அணிக்குப் பிரியங்கா இங்ளே. ஆண்கள் அணியில் தமிழகத்தின் சுப்பிரமணியும் இருந்தார். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகன் டி.வி. முன் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பார்த்தான். நானும் அவனோடு நின்றேன். இடையிடையே விதிகளை எனக்கு விளக்கினான். ஒரு காலத்தில் நான் அவனுக்கு எல்.பி.டபிள்யூ. விளக்கியது ஞாபகம் வந்தது. இப்போது பெங்களூரில் வேலை. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட ஒரு கூட்டம் சேர்த்துவிட்டான், கன்னடமும் வந்துவிட்டதாம்.

சின்னவள் கதை வேறு. குசாளே பதக்கம் வாங்கிய அன்று, "அப்பா, அவர் எப்படி இவ்வளவு நேரம் அசையாம நிக்கறார்?" என்று கேட்டாள். சதுரங்கக் காய்களை அரைமணி பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தை எனக்கு ஞாபகம் வந்தது. துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் கூடம் ஒன்றுக்குப் போய் வந்தோம். சொந்தமாக நல்ல ரைபிள் வாங்கினால் லட்சத்தைத் தாண்டுமாம். வாங்கவில்லை. கூடத்து ரைபிளிலேயே பழகுகிறாள். அவளுக்கு அது நிலைக்குமா என்று தெரியாது. அவள் அம்மா டைரியில் புதுப் பக்கம் திறந்திருக்கிறாள். இன்னும் ஒரு கேள்விக்குத்தான் டிக் விழுந்திருக்கிறது. இந்தத் தடவை எனக்கு அவசரம் இல்லை.

பொங்கல் விழாவில் என்னைக் கேட்ட அந்த நண்பருக்கு: உங்கள் பையன் சும்மா இல்லை, சார். அன்று மண்டபத்தில் நான் பார்த்தேன். பணம் கட்டுவதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பாலேவாடிக்கு ஒரு தடவை, உங்கள் வட்டாரத்து மைதானத்துக்கு ஒரு தடவை, நீச்சல் குளத்துக்கு ஒரு தடவை என்று கூட்டிப்போங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் எந்த வாசலில் உங்கள் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காமல் நீங்களே வைத்திருங்கள். திரும்பி வந்து குடிப்பான்.